கூட்டல் குறி

காலை எட்டரை.
உன்னிச்சைக்கு மேற்கே, யானைவேலி முடிகிற இடத்தில்
என் இரண்டு ஏக்கரின் நடுவே ஒரு பாலைக்குற்றி,
குற்றியின் தலையில் மழைமானி.
கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி
முழங்காலில் நிற்கிறேன்.
கோயிலில்கூட நான் இவ்வளவு குனிந்ததில்லை.

பதினொன்றரை.
கொப்பியில் இடப்பக்கம் மில்லிமீற்றர்,
வலப்பக்கம் சோலர் பற்றறியின் வோல்ற்று.
ஒன்று ஏற மற்றது இறங்கும்.
மழைக் கிழமையில் வெளிச்சமில்லை,
வெயில் கிழமையில் தண்ணீரில்லை.
இரண்டும் போதுமாயிருந்த நாள்கள்
மூன்று வருடத்தில் பத்தொன்பது.
எண்ணிப் பார்த்தேன்.

தகரக் கூரை முப்பத்தாறு சதுர மீற்றர்.
ஒரு மில்லிமீற்றர் விழுந்தால் முப்பத்தாறு லீற்றர்,
துரு குடித்ததும் பீலி சிந்தியதும் போக முப்பது.
இந்தக் கணக்குக்காகத்தான் தொடங்கினேன்.
தலை முழுக ஒரு மில்லிமீற்றர்,
கத்தரிப் பாத்திக்கு இரண்டு.
பேரின்பத்தாரின் மாடுகள் வேலி தாண்டி வந்து
தொட்டியை நக்கிவிட்டுப் போவதைக்
கணக்கில் சேர்க்கவில்லை.

சில நாள் குழாயின் அடியில் ஒரு பளபளப்பு மட்டும்.
முதற் கோட்டைத் தொடாது.
"ஈரம்" என்று எழுதுவேன்.
பூச்சியம் போட மனம் வராது,
வந்தது வந்ததுதானே.

கார்த்திகையில் ஒரு செவ்வாய் இரவு
தகரத்தில் துளிகள் தனித்தனியே கேட்பது நின்று
ஒரே சத்தமாயிற்று.
மூன்று நாள் வெயில் காணாத பற்றறி
சிவப்பாய் இரண்டுமுறை சிமிட்டி
அணைந்தது.
இருட்டில் படுத்திருந்த எனக்குக் கவலை
கூரையைப் பற்றியல்ல.
மானி நூற்றிருபத்தைந்து வரைதான் கொள்ளும்.
எழும்பிப் போய் அளந்து ஊற்றிவிட்டு
மீண்டும் வைக்கவேண்டும்.
வாசலில் கால் வைத்தேன், கணுக்காலுக்கு மேல் தண்ணீர்.
அதற்குள் ஏதோ நெளிந்தது,
கயிறாகவும் இருந்திருக்கலாம்.
போகவில்லை.

விடியும்போது மானி விளிம்புவரை நிரம்பி
மேலே சிவப்பெறும்புகள் ஒன்றையொன்று பிடித்து மிதந்தன.
வழிந்து போனது எவ்வளவு?
கல்லின்மேல் நாய் குடிக்க வைத்த பழைய கிடாரத்துக்குள்
அடிமட்டத்தை விட்டேன்:
இருபத்தொரு சென்ரிமீற்றர்.
முதல்நாள் பின்னேரம் அதில் எவ்வளவு இருந்ததென்று
நாய்க்குத்தான் தெரியும்.

எழுதினேன்: 125+
வோல்ற்றின் இடம் வெறுமை.

பத்து நாள் கழித்துக் கமநல சேவையிலிருந்து ஹாஜறா வந்தார்,
மோட்டார் சைக்கிளைச் சேற்றில் விட்டுவிட்டு
செருப்பைக் கையில் பிடித்தபடி.
இந்தப் பக்கம் மானி என்னிடம் மட்டும்தானாம்.
நட்டஈட்டுப் படிவத்துக்கு ஓர் எண் வேண்டும்.
"இந்தப் பெட்டிக்குள்ள எண் மட்டும்தான் விழும், அக்கா.
கூட்டல் குறிய எடுக்காது."
தட்டிக் காட்டினார். எடுக்கவில்லை.

பேரின்பத்தார் வேலிக்கு அப்பால் நின்று சொன்னார்,
"இருநூற்றிப்பத்துப் போடு புள்ள.
கிடாரம் சொன்னதுதானே."
"நாய்" என்றேன்.
"நாய்க்கென்ன?" என்றார்.
ஹாஜறா சிரிக்கத் தொடங்கி
அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

நூற்றிருபத்தைந்து போயிற்று.
குறி என் கொப்பியிலேயே கிடக்கிறது,
அவருடைய இரண்டு நாகுகளோடு,
மண் மூடிய வட்டையோடு,
நான் எழும்பி, திரும்பப் படுத்த
அந்த நேரத்தோடு.

அன்றைக்கே பெரிய சோடாப் போத்தலொன்றை வெட்டி
மானியைச் சுற்றிப் பொருத்தினேன்.
வழிவது இனி அதற்குள் விழும்.
தை பிறந்தும் ஒன்றும் வழியவில்லை.

ஒரு மாதமாய் வேலியடிக்கு வராதவர்
இன்றைக்கு வந்து நின்றார்.
"எவ்வளவு கா?"
"ஈரம்."
கொஞ்சம் யோசித்தார்.
"அதுக்குப் பெட்டி இருக்கா?"

பன்னிரண்டு தசம் எட்டு வோல்ற்று.