மதில்மேல் ஒயர்

பளுகலில் எங்கள் வீடு.
மதிலுக்கு அப்புறம் கேரளம்,
ஓமனக்காவின் மரச்சீனி விளை.
ஓணத்திலிருந்து பேச்சில்லை.
ஒரு கோழிதான் காரணம்.

கேக் பாதி வெந்தபோது கரண்டு போச்சு.
குடிலுக்கு முளைக்கவைத்த நெல்லை
ஆடு தின்றதும் அந்த இருட்டில்தான்.
"எளவு, பெருநாளும் அதுவுமா"
அம்மா ஓவனைத் தொட்டுத்தொட்டுப் பார்த்தாள்.

அப்பா மதிலேறினார்.
கையில் நட்சத்திரத்தின் ஒயர்.
கூப்பிட மனசில்லை,
இருமினார்.
இன்னொருமுறை, கொஞ்சம் உரக்க.

ஜன்னல் திறந்தது.
"அந்த பிளக்கை இங்ஙோட்டு தா."

ஓவன் சிவந்தது.
பலாமரத்தில் நட்சத்திரம் இரண்டுமுறை கண்சிமிட்டி நின்றது.
கேக்கின் நடுவில் குழி.
குழிவிழாத ஓரமாய் வெட்டி
மதில்மேல் வைத்துவிட்டு
திரும்பிப் பார்க்காமல் வந்தாள் அம்மா.

காலையில் தட்டு அங்கேயே இருந்தது,
கழுவி,
இரண்டு முட்டையோடு.

எந்தக் கோழியென்று
ஜெர்சன் கேட்க வாயெடுத்தான்.
அப்பா மறுபடி இருமினார்.