ஆறாம் பாகம்

கொக்குவில் கடைக்கு ஐந்து சீடிதான் வந்தது.
ஆறாவது வரமுன்
ஏ ஒன்பதைப் பூட்டிப்போட்டாங்கள்.

ஜெனரேற்றர் இரைச்சலுக்குள்
சுகிர்தன் முடிவு சொன்னான்:
இயந்திரம் சந்திரனைத் தோளில் தூக்கி
பூமிக்கு நடந்து வரும்.
அடுத்தநாள் கேட்க, சந்திரன் இன்னும் பாரமாய்ப் போச்சு.

நேற்று, மகள் நித்திரையான பிறகு
போனில் ஆறாவதைப் பார்த்தன்.
இருபத்திரண்டு நிமிசம்.
இயந்திரம் எழும்பவேயில்லை.
அதைத் திருத்த வந்த பொம்பிளை
(முதல் ஐந்திலும் இருந்திருக்கிறா,
நான் கண்டதேயில்லை)
கையுறையைக் கழற்றி
அதின்ரை முழங்காலில் சாய்ஞ்சு
பாண் சாப்பிடுறா.
அவ்வளவுதான்.

சுகிர்தனுக்கு எழுதினன்.
"எந்தப் படம்?" எண்டு
ஸ்காபரோவிலிருந்து கேட்கிறான்.

பேர்கள் ஓடுது.
அவவின்ரை பேர் எது எண்டு
வாசிக்கத் தெரியாத எழுத்துகளை
நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்க்கிறன்.