கடமான், ஒன்று

கார்த்திகை மூடுபனிக்குள்
பூம்பாறைக்கு மேலே மூன்று முறை சுற்றியது சத்தம்.
யாரோ தேன்கூட்டைக் கலைத்துவிட்டார்களென்று
களையெடுத்த பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள்.
நான்காம் சுற்றில் அது
வேலப்ப மன்னாடியின் பூண்டு வயலில்
மூன்றாம் படியில் சக்கரம் பதித்து
நான்காம் படியில் மூக்கைக் குத்தி நின்றது.

மறுநாள் கொடைக்கானலிலிருந்து மட்டக்குதிரையில் போனேன்,
நஷ்டம் எழுத.
பதினொரு சென்ட். முளைவிட்டு இருபது நாள்.

மேலொன்று கீழொன்றாய் இறக்கை.
உள்ளே மரச்சட்டம், இழுகம்பி; மேலே வெறும் துணி.
விரலால் சுண்டினேன், உறுமி மாதிரி அதிர்ந்தது.
பூச்சில்
கனிந்து வெடித்த மலைவாழை வாசம்.
இதில் ஏறியா குண்டு போடுகிறார்கள்?

பைலட்டுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்.
மன்னாடியின் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே சொன்னான்:
நான்கு குண்டு. பாரம் குறைக்கப் பனிக்குள் உதறினேன்.
குண்டாற்றுப் பக்கம்தான் எங்கோ.
வெடித்த சத்தம் கேட்கவில்லை.

கீழ் இறக்கையில் ஆறு ஒட்டு, சதுரம் சதுரமாக.
வடமேற்கு எல்லையில் வாங்கியவை.
அங்கேயும் மலைதான், படிப்படியாய் வயல்தான்,
மேலிருந்து பார்த்தால் இதே ஊர் என்றான்.

நான் தமிழில் சொன்னேன்.
மன்னாடி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கேட்டார்:
“அங்க வயல் போனவனுக்கு
யாரு வந்து சென்ட் அளந்தாங்க?”
பைலட் என் முகத்தைப் பார்த்தான்.
காப்பி வேண்டுமா என்கிறார், என்றேன்.
வேண்டும் என்றான்.

படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்துக்குக் கீழே
யானை, காட்டெருமை, பன்றி, ஆலங்கட்டி.
ஆகாய விமானம் இல்லை.
இதற்குப் பெயரென்ன என்று கேட்டேன்.
வாப்பிட்டி. அமெரிக்காவில் ஒரு பெரிய மானாம்.
எழுதினேன்: கடமான், ஒன்று.

இறக்கைகளைக் கழற்றி, ஒன்றுக்கு எட்டுப் பேராய்ச் சுமந்தார்கள்.
மேட்டு வளைவில் காற்று அடியில் நுழைந்ததும்
எட்டுப் பேருக்கும் குதிகால் மண்ணைவிட்டு எழும்பியதாம்.
பாரமே இல்லாததற்கு
அரைக்கூலி போதுமென்றான் கங்காணி.

மாசியில் ஒன்பது ரூபாய் வந்தது.
மன்னாடி ரேகை வைத்தார்.
கட்டைவிரலைத் தலையில் துடைத்துக்கொண்டே,
“அந்த மான் இன்னொருக்கா வந்தா
சுடலாமா?” என்றார்.

நான் மையை ஒற்றிக்கொண்டிருந்தேன்.