நாலு

காலையில் சக்கரங்களின் காற்றை இறக்கினோம்,
முப்பத்தாறிலிருந்து பதினாறுக்கு.
ஏழு வண்டிகள் ஒரே நேரத்தில் சீறின.
தேநீர்க் குவளையோடு நின்ற டெஸ்லி
பாம்புப் பண்ணைக்கு வந்துவிட்டோமா என்றாள்.

ஒவ்வொரு முகப்பிலும் உயரக் கம்பி,
நுனியில் ஆரஞ்சுக் கொடி.
மணல்மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறவனுக்கு
முதலில் தெரிவது அதுதான்,
நாம் அல்ல.

நான் கடைசி வண்டி.
ஆறு பேர் கிளப்பிய சிம்ப்சன் பாலையின் புழுதியைத்
தின்றுகொண்டே வருகிறவள்.
வேலை ஒன்றுதான், எண்ணுவது.
ஒவ்வொரு மேட்டுக்கும் ரேடியோ கரகரக்கும்:
ஒன்று ஏறியாச்சு.
இரண்டு ஏறியாச்சு.
மூன்று, அட, மறுபடி, ஏறியாச்சு.
நெவில் கூட்டாஹார் மட்டும்
லாட்டரி எண் வாசிப்பவர் போல
நா...லு என்று நீட்டுவார்.
ஐந்து. ஆறு.
நான் ஏறியதும் 'எல்லோரும்' என்பேன்.
அடுத்த மேடு.

அறுபதாவதோ அறுபத்தொன்றோ,
எண்ணுகிறவளுக்கே கணக்குத் தப்பிய மதியம்,
மூன்றுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

நடந்து போய்ப் பார்த்தேன்.
சரிவின் பாதியில் ஒருக்களித்து நின்றது வண்டி.
பின் அச்சு பிளந்து
எண்ணெய் சிவந்த மணலில் கறுப்பாக,
அவசரமே இல்லாமல் பரவிக்கொண்டிருந்தது.
அடியில் மல்லாந்து கிடந்த நெவில்
முப்பத்தொரு வருஷம், என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.

ஆனை படுத்தால் குதிரை மட்டமாம்.
இந்த ஆனையை ஓரங்கட்டவே
இரண்டு வின்ச்சும் ஒன்றரை மணி நேரமும் ஆயிற்று.
இழுவைக்காரன் சாட்டிலைட் போனில் சொன்ன தொகைக்கு
அடிலெய்டில் இதே மாதிரி இரண்டு வாங்கலாம்.
பாதிப் பேச்சில் இணைப்பு அறுந்தது.
மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

பிறகு பங்கீடு.
தண்ணீர்க் கேன்கள் ஒன்றுக்கு. வெங்காய மூட்டை மூன்றுக்கு.
மெத்தை ஆறின் கூரைக்கு.
உறைந்த ஆட்டுக்கறிக்கு ஐந்தில்தான் இடமிருந்தது;
ஐந்தில் இருவரும் சுத்த சைவம்,
கதவைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.
நெவில் முன்கண்ணாடிக்குள் ஒரு அட்டை வைத்தார்:
ஆள் பத்திரம், தேட வேண்டாம், தேதி.
பூட்டினார். பத்தடி வந்து, திரும்பிப் போய்,
கைப்பிடியை இழுத்துப் பார்த்தார்.
பேர்ட்ஸ்வில் இன்னும் இரண்டு நாள் தூரம்.
அதுவரை திருட ஒரு மனிதரும் இல்லை.

எனக்குப் பக்கத்து இருக்கை அவருக்கு.
கொடியை மட்டும் கழற்றி எடுத்து வந்திருந்தார்;
முழங்கால்களுக்கு நடுவே சுருட்டிய ஆரஞ்சு.
மேடு வரும்போதெல்லாம்
அவருடைய வலது கால் வெறும் தரையை அழுத்துகிறது.
இடது கால் கிளட்ச் தேடுகிறது.
என் வண்டியில் கிளட்சே கிடையாது.
'கொஞ்சம் வேகம்' என்கிறார், ஜன்னலிடம்.
கொடுத்தேன். அவர் சொன்னது சரிதான்,
அதுதான் எரிச்சல்.

மூன்று ஏறியாச்சு, என்றது ரேடியோ.
பிறகு, பல் விழுந்த இடத்துக்கே நாக்கு போவது போல
எல்லோரும் அங்கே ஒரு கணம் நின்றோம்.
ஐந்து ஏறியாச்சு.
இப்படியே எட்டு மேடுகள்.
ஒன்பதாவதில்
கேட்காமலே என் மைக்கை எடுத்தார்.
நா...லு, என்றார்.
நாலு ஏறியாச்சு.

நாங்கள் இன்னும் மேட்டடியில்தான் இருந்தோம்.
ஸ்பினிஃபெக்ஸ் புதர் ஒன்று
பம்பரில் உரசிக்கொண்டிருந்தது.
முன்னாலிருந்து யாரோ இருமினார்கள்,
அல்லது சிரித்தார்கள்.
ஐந்து ஏறியாச்சு.
ஆறு.

என் முறை.
உச்சிக்கு இரண்டடி இருக்கையில் சக்கரம் சுழன்றது;
வண்டி அப்படியே அமிழ்ந்தது. மெல்லப் பின்வாங்கினேன்.
இந்த முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை.
தரையிலிருந்த காலை
இருக்கைக்கடியில் மடக்கிக்கொண்டார்.
எல்லோருமா, என்று கேட்டது டெஸ்லியின் குரல்.

இல்லை, என்றேன்.
இன்னொரு தடவை.