பாலத்தில் ஒரு மேசை

இரவு ஒன்றே கால். கொம்பனித்தெரு, ஆறாம் மாடி.
ஏசிக் குளிருக்குள் கம்பளிச் சட்டையோடு நான்.
மருதானை ஆஸ்பத்திரி ஒன்றின் எக்ஸ்ரே படங்கள்
ஒரே சேர்வருக்குள்
இந்தக் கணினியிலிருந்து அடுத்த கணினிக்குப் போகவில்லை.

நடுவில் ஒரு பாலம். தூணில்லை, ஆறில்லை,
கேர்னலின் நினைவில் மட்டும் நிற்கிற பாலம்.
நீ யார், எங்கேயிருக்கிறாய் என்று கத்தினால்
அக்கரையிலிருந்து பதில் வருகிறது.
அதற்குப் பிறகு சொல்வதொன்றும்
போய்ச் சேருவதில்லை.

"பாலத்த எறக்கி ஏத்திப் பாருங்களேன்,"
தெமட்டகொடையிலிருந்து ருஷ்தா, கொட்டாவியோடு.
இறக்கினேன். ஏற்றினேன்.
பிளேன்ரீ ஆறிப்போனது.

பக்கற்றுகள் இக்கரையில் ஏறுவதைக் கண்டேன்.
அக்கரையில் ஒன்றும் இறங்கக் காணேன்.
வேறு வழி தெரியாமல்
ஃபயர்வோலின் கணக்கைத் திறந்தால்
மறுத்தவை நாலு லட்சம்,
பார்த்துக்கொண்டிருக்கவே ஏறுகிறது.

அங்கே இவற்றுக்கு என்ன வேலை?
எங்கள் வாசலுக்கு வந்தவையா இவை?
இடக்கை வாங்கி வலக்கை கொடுக்கவேண்டிய சாமான்.

பின்னேரம் இந்துனில் கொண்டெய்னர் ஒன்று நிறுவினான்.
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு
ஒரு மொடியூலும் உள்ளே வந்திருக்கிறது.
வந்து பாலத்தின் நடுவில் ஒரு மேசை போட்டு
உட்கார்ந்துவிட்டது.

அந்த மேசையை எனக்குத் தெரியும்.
வெள்ளவத்தையில் ஏறி மட்டக்குளியில் இறங்கவேண்டியவன்,
இடையில் எவருடைய வீட்டுக் கதவையும் தட்டாதவன்,
அட்டையில் இரண்டு மொழி இருந்ததற்காக
ஓரமாய் நின்றேன்.
பஸ் போய்விட்டது.
என் குடை அதற்குள் இருந்தது.

இதையெல்லாம் ருஷ்தாவிடம் சொல்லவில்லை.
அவளுக்கு வேண்டியது ரிப்போட்டுக்கு ஒரு வரி.

ஒன்று என்றிருந்ததைப் பூச்சியமாக்கினேன்.
அவ்வளவுதான்.
முதலில் வந்து சேர்ந்தது
யாரோ ஒருவருடைய இடது முழங்கை,
மெல்லிய வெடிப்போடு.
பிறகு நெஞ்சுகள், தாடைகள், ஒரு குழந்தையின் பாதம்,
தள்ளுமுள்ளுப்பட்டுக்கொண்டு.

"சரியா?" என்றாள்.
"சரி."
"அப்ப போய்ப் படுங்க."

படுக்கவில்லை.
ரீபூட் பண்ணினால் மொடியூல் பிந்தி வரும்,
நான் எழுதிய பூச்சியத்தை அழித்துவிட்டு
மேசையைப் பழைய இடத்திலேயே போடும்.
அதற்கும் ஒரு வரி எழுதி வைத்தேன்.
ரீபூட் பண்ணிப் பார்த்தேன். மேசை இல்லை.
இன்னொரு தடவை பண்ணினேன். இல்லை.

பேரை வாவிப் பக்கம் வெளிக்கத் தொடங்கியது.
மூன்றாவது தடவையும் பண்ணினேன்.