வாசிப்பு வரிசை

காற்றுக்காலம் பிறந்தால்
புன்த்தா அரேனாஸில் தெருமுனைதோறும் கயிறு கட்டிவிடுவார்கள்.
அதைப் பிடித்துப் பிடித்து
செவ்வாயும் வெள்ளியும் இரவு வகுப்புக்குப் போகிறேன்,
பகலெல்லாம் படகுத்துறையில்
சீட்டுக் கிழித்த கையோடு.

முதல் வாரம் பெட்டி வரைந்தோம்.
பெட்டிக்குள் எழுத்தை ஊற்றினோம்.
கொள்ளாமல் போனால் ஓரத்தில்
ஒரு சிவப்புக் கூட்டல்குறி முளைக்கிறது:
இன்னும் ஆளிருக்கிறது, கதவைச் சாத்தாதே.
கடைசிப் படகில் இடம் கிடைக்காதவர்களை
நாள்தோறும் பார்ப்பவள் நான்.
அந்தக் குறியை எனக்குப் பிடித்துப்போனது.

அடுத்த வாரம் பொத்தான்.
சும்மா கிடந்த செவ்வகத்துக்கு உயிர் வந்தது.
தொட்டால் ஒரு நிறம், விட்டால் ஒரு காரியம்.
அழுத்தும்போது அல்ல,
விரலை எடுக்கும்போதுதான் பக்கம் திரும்ப வேண்டுமாம்.
மனம் மாறியவர் அழுத்திய விரலை
அப்படியே நகர்த்திக்கொண்டு தப்பிவிடலாம்.
"கல்யாணப் பதிவேட்டில் இது இல்லையே"
என்றாள் பக்கத்து இருக்கை ஃப்ரெசியா.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு எல்லாரும் சிரித்தோம்.

என் பாடத்துக்கு
போர்வெனிர் படகின் பயணக் கையேட்டை எடுத்துக்கொண்டேன்.
நீரிணை முழுக்க நீலம்.
கறுப்பு வெள்ளை ஓங்கில் ஒன்று;
அதன் முதுகைத் தொட்டால் நேர அட்டவணை விரியும்,
வாலைத் தொட்டால் மூடும்.
உயிர்காப்பு அங்கியை மட்டும் மறந்துபோய்
நள்ளிரவில் ஒரு மூலையில் ஒட்டினேன்.
பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வியாழன்தோறும் வருவார் பெலார்மினோ,
அக்கரையில் வானொலி பழுது பார்ப்பவர்,
இக்கரையில் உதிரிபாகம் வாங்குபவர்.
பிறவியிலேயே பார்வை இல்லை.
அவர் கைபேசிக்கு அனுப்பினேன்.
சீட்டுச் சன்னலில் நின்றபடியே ஒலிக்கவிட்டார்:
"நான்கு. படம். படம். பொத்தான். பொத்தான்.
காப்பி ஆயிரத்து இருநூறு. படம். பொத்தான்..."

நான் வரைந்த வரிசையிலேயே
அது வாசித்துக்கொண்டு போனது.
முதலில் போட்டது பக்க எண்; அதுதான் முதலில்.
கண் ஒரே தாவலில் கடந்த குழப்பம் அத்தனையும்
காதுக்குள் மூட்டை மூட்டையாய் இறங்கியது.
"அங்கி பதினேழாவதாக வருகிறது" என்றார்.
"ஆறாவதிலேயே நான் மூழ்கிவிட்டேன்."

அன்றிரவு கண்ணை மூடிக்கொண்டு
திரும்பவும் தொடங்கினேன்.
எதற்குப் பிறகு எது?
தெருமுனைக் கயிறு போல
ஒரு பிடி விட்டதும் மறு பிடி கையில் இருக்க வேண்டும்.
படத்துக்குப் பதில்சொல் கேட்டது மென்பொருள்.
"கறுப்பு வெள்ளை ஓங்கில்" என்று எழுதி
அவருக்குப் படித்துக் காட்டினேன்.
"நிறத்தை வைத்து நான் என்ன செய்ய?
எங்கே மூச்சு விடுகிறது, அதைச் சொல்."

விடுப்பு சொல்லாமல் ஒரு நடை போய்வந்தேன்.
இரண்டு மணி நேரம், மேல்தளம், காது மட்டும்.
எழுதினேன்:
இடப்பக்கம். துருத்தி இழுத்தாற்போல் இரண்டு முறை. பிறகு தண்ணீர்.

பிடிஎஃப் ஆக்கியபோது
பக்கம் புரளும் நளினமெல்லாம் உதிர்ந்துபோனது.
வால் இப்போதும் சில கைபேசிகளில் மூடுவதில்லை.
ஏழுக்கு ஐந்தரை மதிப்பெண்.
வண்ணங்களில் துணிச்சல் போதாது என்று குறிப்பு.

இந்த வியாழன் துறைமுகம் மூடல்.
காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
ஆளில்லாத கூடத்தில் பெலார்மினோ
கையேட்டைக் காதில் வைத்திருந்தார்.
முதலாவதாக நான் வைத்திருந்தது:
படகு ரத்தானால் யாரை அழைப்பது.
விரலை வைத்தார். எடுத்தார்.

என் மேசையில் மணி அடித்தது.
எடுத்தேன்.

"இன்றைக்குப் போகுமா?"

"போகாது" என்றேன்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து.