தூண் நாற்பத்தேழு

வாங்கியபின் முதலில் தெரிந்துகொண்டது
காரைப் பற்றி அல்ல.
பி-2 தளத்தில் என் தூணிலிருந்து
மீட்டர் பெட்டிக்கு முப்பத்தொரு மீட்டர்.
அந்த முப்பத்தொன்றுக்கு
ஐந்து மாதம், இரண்டு பொதுக்குழு,
"தீப்பிடித்தால் யார் பொறுப்பு?" என்று
நான்கு முறை கேட்ட செயலாளர் வெங்கோப ராவ்.
அவருடைய ஸ்கூட்டர் ஒழுகி ஒழுகித்
தரையில் வரைந்த பெட்ரோல் வானவில்லைப் பற்றி
யாரும் தீர்மானம் போடவில்லை.

அதுவரை மால் மாலாகப் போனேன்.
மூன்று தளம் இறங்கிப் பார்த்தால்
சார்ஜர் முன்னால் ஒரு டீசல் ஜீப்
காலை நீட்டிப் படுத்திருக்கும்.

கம்பெனிக் காகிதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஓசூர் ரோட்டில், ஏசி போட்டு,
மூன்று பெட்டி ஏற்றினால் இருநூற்று முப்பது.
அதிலும் கடைசி நாற்பதை நம்ப
எனக்குத் தைரியமில்லை.

அத்திப்பள்ளி டோலுக்கு முன்னால் ஒரு ஓட்டல்,
வேலை செய்வது ஒரே ஒரு சார்ஜர்.
எனக்கு முன்னால் கனகவேல், டைல்ஸ் வியாபாரி,
அறுபத்தெட்டு சதவீதத்தில்.
எண்பதைத் தாண்டினால் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும்,
அவருக்கும் தெரியும்.
"எண்பதில் எடுத்துவிடுகிறேன் மேடம்."
இரண்டு காபி.
முன்பின் தெரியாத இருவர்
ஒரு எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்,
அடுப்பில் பாலைப் பார்ப்பதுபோல.
எழுபத்தொன்பதில் பிடுங்கினார்.

அவசரத்தில் நான் முப்பதோடு கிளம்பிவிட்ட இரவும் உண்டு.
மழை, சில்க் போர்டு, ஒன்பது சதவீதம்.
சுற்றிலும் எல்லா வண்டியும் நின்றபடியே எரித்தன.
என்னுடையது சும்மா நின்றது,
வைப்பர் மட்டும் அசைந்தது.
ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கி நனைந்தேன்.
மேம்பாலம் இறங்கும்போது காலை எடுத்தேன்.
ஒன்பது
ஒன்பதாகவே இருந்தது.
அதை வரவில் எழுதிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் ஷோரூமில் சொல்லவில்லை.
பூஜை போட்ட அன்று
டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம்
எனக்குத் தெளிவாகக் கேட்டது.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.
உறுமாது, அதிராது.
அடியில் தூங்கும் பிஸ்தா
காதைக்கூட அசைக்காது.
நாய்கள் இந்த வண்டியை நம்பிவிடுகின்றன.

அதனால் தினமும் காலையில்
ஆபீஸ் புடவையோடு முட்டி போட்டு
இருட்டுக்குள் கை தட்டுகிறேன்.
கேமராவில் பார்க்கும் செக்யூரிட்டி மாதேஷ்
கொஞ்ச நாள்
நான் காரைக் கும்பிடுகிறேன் என்றே
நினைத்திருந்தாராம்.